ஒரு டாலரில் ஆரம்பித்தவன்

அத்தியாயம் 6

நான்கு வருடமாகப் பாமாவிடம் உதவியாளனாக இருந்து திட்டு வாங்கி வாங்கி டென்சிலுக்குத் தோல் தடித்துப் போயிருந்தது. ஆனாலும் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் பன்னிரண்டாவது மாடியில் நின்றுகொண்டு, முன்பின் தெரியாத ஒருத்தன் "ஷூவை வெளியவே விடுங்க, டைல்ஸ் புதுசு" என்று சொல்வதைக் கேட்க அவன் தயாராக இல்லை.

"சாக்ஸ்ல ஓட்டை இருக்கு சார். டைல்ஸுக்குப் பரவாயில்லையா?"

சஞ்சய் சிரிக்கவில்லை. முப்பத்தைந்து வயசு, மென்பொருள் கம்பெனியில் மேனேஜர், வீட்டிலேயே கழுத்தில் அடையாள அட்டை. இப்படிப்பட்ட ஆள்களைப் பார்த்தாலே டென்சிலுக்கு எரிச்சல் வரும். இன்றைக்கு அந்த எரிச்சல் கொஞ்சம் சீக்கிரமே வந்துவிட்டது.

பாமா சோபாவில் உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். இருபது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் க்ளெய்ம்களைப் பிடித்துக் கொடுத்துவிட்டு, இப்போது அடுகோடியில் ஒரு லேத் பட்டறையின் மாடியில் துப்பறியும் ஆபீஸ் வைத்திருப்பவள். மனிதர்கள் பொய் சொல்வார்கள் என்பதில் அவளுக்கு வருத்தமே கிடையாது. மோசமாகப் பொய் சொன்னால்தான் கோபம் வரும்.

"விஷயத்துக்கு வாங்க" என்றாள்.

"போக்கர் தெரியுமா மேடம்? சீட்டு விளையாட்டு. நான் இன்டர்நெட்ல ஆடறேன். உலகம் பூரா ஆயிரக்கணக்கான பேர் நுழைவுக் கட்டணம் கட்டி ஒரே போட்டியில உட்காருவாங்க. கடைசிவரைக்கும் தாக்குப் பிடிக்கறவனுக்குப் பரிசு. ஒரு டாலர் போட்டியில ஆரம்பிச்சேன். அப்புறம் அஞ்சு, இருபத்திரண்டு, அம்பத்தஞ்சு. இப்போ இருநூத்திப் பதினஞ்சு டாலர் போட்டி. போன மாசம் அதுல ஜெயிச்சு, சீனாப் பக்கம் மக்காவ்ல நடக்கற ஃபைனலுக்கு சீட் வாங்கியிருக்கேன். நாளைக்குள்ள பாஸ்போர்ட் காப்பி அனுப்பணும்."

"வாழ்த்துகள். இதுல நான் எங்க வர்றேன்?"

"உத்தமன்னு ஒரு பொறுக்கி. முன்னாடி எங்க கம்பெனி கால் சென்டர்ல இருந்தான். அந்த அக்கவுன்ட்ல ஆடினது எல்லாம் தான்தான்னு சொல்றான். பாதி தராட்டி அந்தச் சைட்டுக்கே எழுதிப் போட்டுடுவேன்னு மிரட்டறான்." சஞ்சயின் கழுத்து நரம்பு புடைத்தது. "ஒரு அக்கவுன்ட்ல ஒருத்தர்தான் ஆடணும். அது அவங்க ரூல். சந்தேகம் வந்தாலே மூடிடுவாங்க. அதான், ஆடினது நான்தான், அவன் புளுகறான்னு நீங்க விசாரிச்சு ஒரு ரிப்போர்ட் எழுதித் தரணும்."

அவன் ஒரு கட்டுக் காகிதத்தை மேஜைமேல் போட்டான். ஒன்றரை வருடமாக ஆடிய ஒவ்வொரு போட்டியும், தேதி, நேரம், கட்டணம், அன்றைய கையிருப்போடு. அக்கவுன்ட் அவன் பெயரில், மின்னஞ்சல் அவன் பெயரில்.

பாமா தாளைப் புரட்டாமலே கேட்டாள். "எப்படி ஏறினீங்க? சொல்லுங்க."

"எப்படின்னா? டேலன்ட். ஒவ்வொரு லெவலா அடிச்சேன், மேல போனேன். திரும்பியே பார்க்கல."

"கீழே இறங்கினதே இல்லையா?"

"நான் ஏன் இறங்கறேன்?"

டென்சிலுக்கு ஒரு பதில் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் ஷூவோடு சேர்த்து அவனையும் வெளியே விடுவார்கள் என்று தோன்றியது.

"சரி. நாளைக்குக் காலைல ரெண்டு பேரும் என் ஆபீஸுக்கு வாங்க. நேருக்கு நேர் வச்சுக் கேட்டுட்டு எழுதித் தர்றேன்" என்றாள் பாமா.

"நாளைக்கா? பேடா மேடம், வேண்டாம்!" சஞ்சய் கையை உதறினான். அவன் அம்மா வழி மைசூர்ப் பக்கம். பதறினால் கன்னடம்தான் முதலில் வரும். "நாளைக்கு அமாவாசை. எங்க வீட்ல அன்னிக்கு ஒரு கையெழுத்துக்கூடப் போட மாட்டோம். என் புதுக் கார் டெலிவரியையே மூணு நாள் தள்ளி எடுத்தேன். இன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணி. அதுக்குள்ள முடிச்சிடுங்க."

லிப்டில் இறங்கும்போது டென்சில் சொன்னான். "மேடம், அந்த ஆளுக்குப் போக்கர் தெரியுதோ இல்லையோ, போலீஸ் தெரியும்னு முகத்திலேயே எழுதியிருக்கு."

"வாயை மூடிக்கிட்டு அந்தத் தாளைப் படி."

அடுகோடிக்குத் திரும்பும் ஆட்டோவில் டென்சில் படித்தான். ஓசூர் ரோடு முழுக்கப் பாலம் கட்டுகிறேன் என்று தோண்டிப் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு வரி தப்பியது. இருந்தாலும் மடிவாளாவுக்கு முன்னாலேயே அவனுக்கு விஷயம் பிடிபட்டது.

"மேடம்! ஐயா இறங்கினதே இல்லன்னாரே? ரெண்டு தடவை இறங்கியிருக்காரு. பிப்ரவரியில இருபத்திரண்டு டாலர்ல இருந்து அஞ்சுக்கு. ஆகஸ்ட்ல அம்பத்தஞ்சுல இருந்து இருபத்திரண்டுக்கு. கேஸ் முடிஞ்சுதா? நான் வீட்டுக்குப் போய் மிச்சக் கேக்கைத் தின்னலாமா?"

"பெருமை பீத்தறவன் எல்லாம் பொய்யன்னா, உன்னை நான் வேலைக்கே வச்சிருக்க முடியாது. இன்னொருத்தனையும் பார்க்கணும்."

உத்தமன் இருந்தது அடுகோடியிலேயே, பாமாவின் ஆபீஸிலிருந்து மூன்று தெரு தள்ளி ஒரு ஒற்றை அறை. வீட்டுக்காரர் கோவிந்தப்பா வாசலில் நின்று குழாயோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"உத்தமனா? மேல. ரெண்டு மாசம் வாடகை பாக்கி. அது வேற, போன திங்கக்கிழமை ஒருத்தன் வந்து, கம்ப்யூட்டர் ரிப்பேருன்னு சொல்லி அந்தப் பெட்டியை எடுத்திட்டுப் போனான். நானே சாவி தொறந்து குடுத்தேன். இப்போ அந்தப் பையன் என்னைத் திருடன்னு சொல்றான். நோடு, பாருங்க, என்ன காலம்!"

"எந்தப் பெட்டி?"

"டிவி மாதிரி இருக்கறது இல்ல. கீழ நிக்கறது."

டென்சில் பாமாவைப் பார்த்தான். திரையை விட்டுவிட்டு சிபியூவை மட்டும் தூக்குகிற திருடன் வாழ்நாளில் அவன் கேள்விப்பட்டதில்லை. ஆடிய ஆட்டமெல்லாம் ஆடிய மெஷினிலேயே பதிவாகியிருக்கும். அந்த மெஷின்தான் போய்விட்டது.

"வேலைக்கு எப்போ போவான்?" என்று கேட்டான் டென்சில்.

"கால் சென்டர்தானே. ராத்திரி கம்பெனி கேப் வரும், போவான். ஆகஸ்ட் வரைக்கும் போனான். அப்புறம் நின்னுட்டான்."

படியேறும்போது டென்சில் காகிதத்தை விரித்துக் காட்டினான். "மேடம், இங்கதான் இடிக்குது. போட்டி எல்லாம் சாயங்காலம் ஏழு மணிக்கு ஆரம்பம், திங்கள்ல இருந்து சனி. அமெரிக்காக்காரன் போனை எடுக்கறவன் ஏழு மணிக்கு ஆபீஸ்ல இருப்பான். ஆகஸ்ட் வரைக்கும் இவன் எப்படி ஆடியிருக்க முடியும்? புளுகன் மேலதான் இருக்கான்."

கதவைத் திறந்த உத்தமனுக்கு இருபத்தாறு வயசு இருக்கும். மூன்று நாள் தாடி. தான் யார், யார் அனுப்பினது என்று பாமா சொன்னதும் கதவைச் சாத்தப் போனான். டென்சில் காலை நடுவில் வைத்தான்.

"காலை எடு. இல்ல, ஒடிஞ்சிரும்."

"ஒடிஞ்சா பரவால்ல மேன், சாக்ஸ் ஏற்கனவே போச்சு."

"அவன் காசு குடுத்து அனுப்பினவங்ககிட்ட நான் இன்னாத்துக்குப் பேசணும்? அவன் எழுதிக்குடுத்தத நீங்க எழுதிக்குடுக்கப் போறீங்க. எழுதிக்கோங்க. எங்க அப்பன் ஆம்பூர்ல டயர் கடை வச்சிருக்காரு, அதையும் எழுதிக்கோங்க."

"ஏழு மணிக்கு நீ கால் சென்டர்ல இருந்திருப்பே. எப்படி ஆடினே?" என்று நேராகக் கேட்டாள் பாமா.

உத்தமன் அவளைப் பார்த்த பார்வையில் அப்படி ஓர் இளக்காரம். "கால் சென்டர்னா அமெரிக்கா மட்டுந்தானா? நான் ஆஸ்திரேலியா ப்ராசஸ், அந்த ஊர் போனை எடுக்கறவன். ராத்திரி மூணு மணிக்கு கேப் வரும், மதியம் ஒரு மணிக்கு விட்ருவான். தூங்கி எழுந்தா சாயங்காலம் பூரா என்னுது. இதுகூடத் தெரியாமத் துப்பறிய வந்துட்டீங்க."

டென்சிலுக்கு முகம் சுருங்கிப் போயிற்று. பெங்களூரில் பிறந்து வளர்ந்து, ரிச்சர்ட்ஸ் டவுனில் தெருவுக்கு நாலு கால் சென்டர்க்காரர்களோடு பழகியவன், இதில் போய்க் கோட்டை விட்டானே! பாமா அவன் பக்கம் திரும்பக்கூட இல்லை. அதுதான் இன்னும் வலித்தது.

"எப்படி ஏறினே?" என்றாள் உத்தமனிடம், சஞ்சயிடம் கேட்ட அதே குரலில்.

"எங்கிட்ட கிரெடிட் கார்டு இல்ல. அவன் பேர்ல அக்கவுன்ட் தொறந்தோம். ஆடறது நான், ஜெயிச்சா பாதிப் பாதி. அது பேச்சு." உத்தமன் கட்டிலில் உட்கார்ந்தான். எதிரே திரை மட்டும் மேஜைமேல் தனியாக நின்றது. "ரூல் வச்சிருந்தேன் மேடம். ஒரு போட்டிக் கட்டணத்தைப் போல நூறு மடங்கு கையில சேர்ந்தாத்தான் அந்தப் போட்டிக்கு ஏறுவேன். அம்பது மடங்குக்குக் கீழ போனா இறங்கிருவேன். ரெண்டு தபா இறங்கினேன். பிப்ரவரில அஞ்சு டாலருக்குத் திரும்ப வந்தப்போ ரெண்டு நாள் சோறு எறங்கல. அவமானம் தாங்கல எனக்கு. ஆனாலும் இறங்கினேன். இறங்கத் தெரியாதவன் அத்தோட காலி."

"அவன் ஏன் இப்போ பேச்சு மாறினான்?"

"மக்காவ்ல டிவியில காட்டுவான் இல்ல? மூஞ்சி அவன் மூஞ்சி வரணும். பாஸ்வேர்டை மாத்திட்டான். ஒன்றரை வருஷம் மேடம்! என் கண்ணு போச்சு, வேலை போச்சு, எல்லாம் அதுக்குள்ள போச்சு." குரல் உடைந்தது, உடனே அதை மறைக்க அதட்டினான். "போதுமா? கிளம்புங்க."

"நூறு மடங்கு சேர்ந்த அன்னிக்கே ஏறிடுவியா?"

உத்தமன் ஒரு நொடி தயங்கினான். "ஆமா. இது கணக்கு மேடம். இதுல வேற ஒண்ணும் கிடையாது."

தெருவுக்கு வந்ததும் டென்சில் பொருமினான். "நல்லா அழுவுறான். ஆனா இறங்கின கதை சாட்சி ஆகாதே. பாஸ்வேர்டு தெரிஞ்சவன், லிஸ்டைப் பார்த்து மனப்பாடம் பண்ணியிருக்கலாம்."

"கடைசியில பொய் சொன்னான். கவனிச்சியா?"

"எது?"

"அன்னிக்கே ஏறிடுவேன்னது. நீ படிச்ச தாளை ஆட்டோவுல நானும் எட்டிப் பார்த்தேன், அதுலயே இருக்கு. பணம் சேர்ந்து பத்து நாள், பதினஞ்சு நாள் சும்மா இருந்துட்டு ஏறியிருக்கான். எதுக்குக் காத்திருந்தான்?"

ஆபீஸில் பாமா நாற்காலியில் ஏறி, பீரோ மேலிருந்து போன வருடத்து மாதக் காலண்டரை இறக்கினாள். பழைய காலண்டரைத் தூக்கி எறியாத அவளுடைய கெட்ட பழக்கத்தை டென்சில் கிண்டல் செய்யாத வாரம் கிடையாது. இந்த வருடத்துக் காலண்டரையும் ஆணியிலிருந்து கழற்றி மேஜைமேல் இரண்டையும் விரித்தாள். கீழே பட்டறையில் இரும்பு கடையும் சத்தம் பல்லைக் கூச வைத்தது.

"மேலே ஏறின தேதி மட்டும் படி. இறங்கினது வேண்டாம்."

"ஒண்ணுல இருந்து அஞ்சுக்கு, போன வருஷம் செப்டம்பர் பதினொண்ணு. அஞ்சுல இருந்து இருபத்திரண்டுக்கு, ஜனவரி எட்டு. விழுந்து மறுபடி எழுந்தது, மே அஞ்சு. அம்பத்தஞ்சுக்கு ஜூலை ரெண்டு. மறுபடி விழுந்து எழுந்தது, ஆகஸ்ட் முப்பது. இருநூத்திப் பதினஞ்சுக்கு, அக்டோபர் இருபத்தெட்டு."

பாமாவின் விரல் ஒவ்வொரு கட்டத்திலும் நின்று நின்று போனது. டென்சில் எட்டிப் பார்த்தான். ஆறு கட்டங்களிலும் தேதிக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பு வட்டம். வீட்டிலிருந்து டப்பாவில் கொண்டுவந்திருந்த பிளம் கேக் அவன் வாயிலேயே நின்றது.

"ஆத்தாடி!" என்றான்.

சரியாக ஐந்துக்கு சஞ்சய் வந்தான். கைக்குட்டையால் நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தான். டென்சில் போய்க் கூட்டிவந்திருந்த உத்தமன் உட்காரவே இல்லை. ஜன்னலோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

"ரிப்போர்ட் ரெடியா?" என்றான் சஞ்சய்.

"ஒரே ஒரு கேள்வி பாக்கி. உங்க லிஸ்ட்ல ஆறு தடவை மேலே ஏறியிருக்கீங்க. அந்த ஆறு நாளையும் எப்படித் தேர்ந்தெடுத்தீங்க?"

"எப்படின்னா? மூடு வந்தப்போ."

"உங்க மூடு அமாவாசைக்கு அமாவாசை வருமா?"

சஞ்சயின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. முதலில் அவனுக்குப் புரியவே இல்லை. பாமா இரண்டு காலண்டரையும் அவன் பக்கம் திருப்பினாள். ஆறு கறுப்பு வட்டங்களையும் டென்சில் சிவப்புப் பேனாவால் சுழித்து வைத்திருந்தான். கொஞ்சம் அதிகமாகவே சுழித்திருந்தான்.

"காலைல என்ன சொன்னீங்க? அமாவாசையில கையெழுத்துக்கூடப் போட மாட்டோம், கார்கூட எடுக்க மாட்டோம். அப்படிப்பட்டவரு, ஆறு அமாவாசைக்கு, பல மடங்கு கட்டணம் கட்டிப் புதுப் போட்டியில போய் உட்கார்ந்தீங்களா? இந்த ஊர்க்காரங்க அன்னிக்குப் புதுசா ஒரு வெளக்குமாறுகூட வாங்க மாட்டாங்க. நிறைஞ்ச நாள்னு சொல்லி அன்னிக்குக் கடை திறக்கறது நம்ம தமிழ்நாட்டுக்காரங்க. அதுவும் ஆம்பூர்ல டயர் கடை வச்சிருக்கவரோட பிள்ளை."

உத்தமனின் காது சிவந்துவிட்டது. "அது... சும்மா ஒரு பழக்கம். அப்பா எதை ஆரம்பிச்சாலும் அன்னிக்குத்தான் ஆரம்பிப்பாரு."

"காலையிலயே ஏன் சொல்லலை?"

"கணக்குப் போட்டு ஆடறவன்னு சொல்லிட்டு, அமாவாசை பார்த்து ஏறினேன்னு எப்படிச் சொல்றது? சிரிப்பாங்க இல்ல?"

கர்த்தரே, இந்த வெட்கத்துக்காக ஒன்றரை வருட உழைப்பை விடப் பார்த்தானே என்று டென்சிலுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவனைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

பாமா ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு சஞ்சயிடம் நீட்டினாள். "ஆடினது யாருன்னு கேட்டீங்க. பதில் இதுல இருக்கு. உத்தமன்."

சஞ்சய் அதை வாங்கி, நான்காகக் கிழித்து, தன் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டான். பிறகு சிரித்தான். அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தான், அதுவும் வாய்விட்டு.

"சரி, அவன்தான் ஆடினான். அதனால என்ன? அக்கவுன்ட் என் பேர்ல. பாஸ்போர்ட் என்னுது. அவன் வாயைத் திறந்தா சைட் மொத்தத்தையும் மூடிடும், அவனுக்கும் ஒரு பைசா கிடைக்காது. உங்க காலண்டரைக் கொண்டுபோய் சுவத்துல மாட்டுங்க மேடம்."

பாமா கண்டுபிடித்தது உண்மைதான். அந்த உண்மையால் உத்தமனுக்கு ஒரு டீகூட வாங்க முடியாது.

உத்தமன் ஜன்னலை விட்டு நகர்ந்து வந்தான். "அந்தக் கம்ப்யூட்டர்ல நெட் இருக்கா?" என்று டென்சிலைக் கேட்டான்.

"அது ஆபீஸ் வேலைக்கு மட்டும்" என்றாள் பாமா கடுமையாக. "டேய் உத்தமா, யோசி. கோபத்துல எதையும் செய்யாதே."

டென்சில் நாற்காலியை விட்டு எழுந்தான். அவ்வளவுதான் செய்தான். உத்தமன் உட்கார்ந்து தட்டச்சு செய்ய ஆரம்பித்தான். இவ்வளவு வேகமாக யாரும் தட்டி டென்சில் பார்த்ததில்லை. இன்ன பெயரிலுள்ள அக்கவுன்ட்டில் ஆடியது நான். சஞ்சயின் வீட்டிலிருந்து ஒரு போட்டிகூட ஆடப்படவில்லை. எந்த இணைப்பிலிருந்து ஆடப்பட்டது என்று உங்கள் பதிவிலேயே பாருங்கள்.

சஞ்சய்க்கு இப்போதுதான் உறைத்தது. "ஏய், என்ன பண்றே? சும்மா மிரட்டறியா? கால் பங்கு தர்றேன். கேக்குதா? பாதி! பாதி தர்றேன்டா! உன் சிபியூ என் கார்லதான் இருக்கு, இப்பவே கொண்டுவர்றேன்!" அவன் நிஜமாகவே இரண்டிரண்டு படியாக ஓடினான்.

சிபியூவைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க அவன் திரும்பி வந்தபோது உத்தமனின் விரல் இன்னும் விசைமேல்தான் இருந்தது. அனுப்பவில்லை. அந்தப் பெட்டியைப் பார்த்தான். பக்கவாட்டில் அவன் ஒட்டியிருந்த பிள்ளையார் ஸ்டிக்கர் பாதி கிழிந்திருந்தது.

"ஆரம்பத்துல நான் கேட்டதே பாதிதான் சஞ்சய். அதுக்கு நீ என்னைப் பொறுக்கின்னே. ரூமுக்கு ஆள் அனுப்பித் திருடினே."

"தப்புடா. ஒத்துக்கறேன். சைன் பண்றேன். நாளைக்கே... இல்ல, இப்பவே!"

"மக்காவ்ல நீ என் சீட்ல உக்காரக் கூடாது" என்று சொல்லிவிட்டு உத்தமன் அழுத்தினான்.

பதில் வர இருபது நிமிடம் ஆனது. அந்த இருபது நிமிடமும் சஞ்சய் வாய்க்கு வந்ததையெல்லாம் திட்டிக்கொண்டிருந்தான், தமிழில், கன்னடத்தில், இங்கிலீஷில். டென்சில்தான் பதிலைப் படித்தான். விசாரித்துவிட்டார்கள். அக்கவுன்ட் மூடப்பட்டது. மக்காவ் சீட் ரத்து. சஞ்சய்க்கு நிரந்தரத் தடை. எழுதிய உத்தமனுக்கும் நிரந்தரத் தடை. எந்தப் பெயரிலும், எந்தக் கட்டணத்திலும் இனி அங்கே ஆட முடியாது.

"அனுபவி, பைத்தியக்காரா!" சஞ்சய் காலால் நாற்காலியைத் தள்ளிவிட்டுப் போனான். கீழே கார்க் கதவு அறைந்த சத்தம் மாடிவரை கேட்டது.

"எனக்குத் தெரியும் மேடம். ரூல் அதான்" என்றான் உத்தமன். சிபியூவை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு வெளியே போனான். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

பாமா காலண்டர்களைச் சுருட்டினாள். "அந்த நாற்காலியை விட்டு ஏன்டா எழுந்தே?"

"நானா இருந்தாலும் அனுப்பியிருப்பேன் மேடம்."

திட்டு விழும் என்று டென்சில் காத்திருந்தான். பாமா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே இறங்கிய உத்தமனின் காலடி பாதிப் படியிலேயே நின்றுபோயிருந்தது. அங்கிருந்து, மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்துகொண்டிருந்தது.

"போ" என்றாள். "போய் அந்தப் பெட்டியை வாங்கிக்கிட்டு அவனைக் கொண்டுபோய் வீட்ல விடு. வழியில ஏதாவது ஜோக் அடிச்சே, வேலை போயிடும்."

டென்சில் படியிறங்கினான்.